‘ஃபுல் கவரேஜ்’ என்று சொல்லி விற்ற பாலிசி: கலிபோர்னியாவில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கலிபோர்னியாவில் புதிதாகக் கார் வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள், அதிலும் வேலை விசாவில் வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்கள், காப்பீட்டுப் புரோக்கரிடம் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். பே ஏரியாவின் கிழக்குப் பகுதியில் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி பரிந்துரைக்கப்படும் ஒரு புரோக்கர் எங்களுக்கு ஒரு பாலிசி விற்றார். பிறருக்கு நாம் ஏற்படுத்தும் சேதத்துக்கு மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சத் தொகைக்கு மேல் அதில் ஒரு டாலர்கூட இல்லை. காப்பீடு இல்லாத ஒருவர் வந்து மோதினால் நமக்குக் கைகொடுக்க வேண்டிய பிரிவையும், நாங்களே வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததாகக் காட்டி, அவர் நீக்கியிருந்தார். புகார் இன்னும் முழுமையாக முடியவில்லை என்பதால் அலுவலகத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

2025-இன் தொடக்கத்தில், பழைய கரோலா ஒன்றைக் கடனில் வாங்கிய கையோடு, நானும் என் மனைவியும் அவருடைய அலுவலகத்துக்குப் போயிருந்தோம். நாங்கள் கேட்டது இரண்டே விஷயங்கள்: யார் மோதினாலும் மருத்துவச் செலவுக்கு வழி இருக்க வேண்டும், டிடக்டிபிள், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாம் கையிலிருந்து ஏற்க வேண்டிய முதல் தொகை, 500 டாலரைத் தாண்டக்கூடாது. அவர் திரையைப் பார்த்தபடியே, “தம்பி, இது ஃபுல் கவரேஜ். போலீஸ் நிறுத்தினாலும் டி.எம்.வி. கேட்டாலும் ஒரு பிரச்சினையும் வராது. இந்த வருடம் கவர்ன்மென்டே லிமிட்டை ரெண்டு மடங்கு ஏத்திட்டாங்க” என்றார். (டி.எம்.வி. என்பது மாநில வாகனத் துறை.) “அண்ணா, எதிராளிக்கு இன்சூரன்ஸே இல்லாவிட்டால்?” என்று என் மனைவி குறிப்பாகக் கேட்டதற்கு, “அதெல்லாம் இதுலேயே அடக்கம்மா” என்று பதில் வந்தது. பிறகு என் கைப்பேசிக்கு மின்னணுக் கையொப்பத்துக்கான இணைப்பை அனுப்பி, மஞ்சள் பெட்டி வரும் இடமெல்லாம் தொட்டுக்கொண்டே போகச் சொன்னார். ஒவ்வொரு பெட்டியும் திரையை அடுத்த பெட்டிக்குத் தானாகவே நகர்த்திவிடுவதால், இடையில் உள்ள வாசகங்கள் கண்ணில் படுவதற்கு வாய்ப்பே இல்லாதபடி அது அமைக்கப்பட்டிருந்தது.

அரசு லிமிட்டை உயர்த்தியது என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. 1967 முதல் கலிபோர்னியாவில் இருந்துவந்த குறைந்தபட்ச அளவு, ஒருவர் காயத்துக்கு 15,000 டாலர், ஒரு விபத்தில் காயமடைந்த அனைவருக்கும் சேர்த்து 30,000 டாலர், பிறர் உடைமைச் சேதத்துக்கு 5,000 டாலர் என்பதாகும். 2025 ஜனவரி 1 முதல் அது முறையே 30,000, 60,000, 15,000 டாலராக உயர்ந்தது. 2035-இல் இன்னொரு முறை உயரவிருக்கிறது. ஆனால் இந்த மூன்று தொகைகளுமே நம் தவற்றால் பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டுபவை. நம் உடலுக்கோ நம் காருக்கோ இவற்றிலிருந்து ஒரு காசு வராது. மோதலில் நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான கொலிஷன், திருட்டு, தீ போன்றவற்றால் ஏற்படும் இழப்புக்கான காம்ப்ரிஹென்சிவ் ஆகிய பிரிவுகளை மாநிலம் கட்டாயப்படுத்துவதில்லை. கார்க் கடன் கொடுத்த வங்கிதான் கேட்கிறது. பிறர் இழப்பை ஈடுகட்டும் அந்தக் குறைந்தபட்சத் தொகையோடு, அதாவது லயபிலிட்டியோடு, இந்த இரண்டையும் ஒட்டினால் அதைத்தான் சந்தையில் ஃபுல் கவரேஜ் என்கிறார்கள். அந்தப் பெயருக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை என்பதால், அதைச் சொல்லி விற்றவர்மீது பொய் சொன்னார் என்று நிரூபிப்பதும் எளிதல்ல.

சில மாதங்கள் கழித்து, மவுரி அவென்யூவில் பச்சை விளக்கில் சென்றுகொண்டிருந்த எங்கள் காரின் வலப்பக்கத்தில், சிவப்பு விளக்கைத் தாண்டி வந்த ஒரு வண்டி மோதியது. முன்னிருக்கையில் இருந்த என் மனைவிக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தவறு யாருடையது என்பதில் போலீஸ் அறிக்கைக்கும் ஐயம் இல்லை. எதிர்த் தரப்பு ஓட்டுநர் காப்பீட்டு அட்டையை நீட்டினார். பெயர், பாலிசி எண், தேதி எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் பிரீமியம் கட்டாததால் அந்தப் பாலிசி முன்பே ரத்தாகியிருந்தது என்பது, அட்டையில் இருந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்ட பிறகே தெரிந்தது. அச்சிட்ட அட்டை கையில் இருப்பதற்கும் காப்பீடு நடப்பில் இருப்பதற்கும் தொடர்பு இல்லை. (பலருக்குத் தெரியாத இன்னொன்று: யாருக்காவது காயம் ஏற்பட்டாலோ, சேதம் 1,000 டாலருக்கு மேல் போனாலோ, போலீஸ் வந்திருந்தாலும் வராவிட்டாலும், 10 நாட்களுக்குள் எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தை டி.எம்.வி.க்கு நாமோ நம் சார்பில் காப்பீட்டு நிறுவனமோ அனுப்பியாக வேண்டும்.)

நம்மிடம் எல்லாம் அடக்கமான பாலிசி இருக்கிறதே என்ற துணிவோடு எங்கள் நிறுவனத்தில் கிளெய்ம் போட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. கிளெய்ம் பிரிவு அலுவலர் மிகுந்த மரியாதையோடு, எங்கள் டெக்லரேஷன் பக்கத்தை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த ஒற்றைப் பக்கத்தில் இடப்புறம் பிரிவுகளின் பெயர், நடுவில் உச்சவரம்பு, வலப்புறம் அந்தப் பிரிவுக்கான பிரீமியம் என்று மூன்று பத்திகள் இருக்கும். எங்கள் பக்கத்தில் லயபிலிட்டிக்கு எதிரே 30,000, 60,000, 15,000. மருத்துவச் செலவுப் பிரிவே இல்லை. கொலிஷன் டிடக்டிபிள் 500 என்று பேசியிருக்க, 1,000 என்று இருந்தது. காப்பீடற்ற ஓட்டுநர் பிரிவுக்கு எதிரே தொகை இருக்க வேண்டிய கட்டத்தில், நிராகரிக்கப்பட்டது என்ற சொல் மட்டுமே இருந்தது.

இந்தப் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் காப்பீட்டு நிறுவனம் இதை நமக்கு வழங்க முன்வந்தே தீர வேண்டும் என்பது சட்டம். வேண்டாம் என்றால் அதை எழுத்தில் மறுத்துக் கையொப்பமிட வேண்டும். வாடிக்கையாளரைக் காப்பதற்காக ஏற்படுத்தப்பட்ட அந்த மறுப்புப் படிவம்தான், எங்கள் விஷயத்தில் மஞ்சள் பெட்டிகளுக்கு நடுவே புகுத்தப்பட்டு, புரோக்கர் தன் விலையைக் குறைத்துக் காட்டும் கருவியானது. இந்தப் பிரிவு இருந்திருந்தால், மருத்துவச் செலவு, இழந்த ஊதியம், வலிக்கும் துன்பத்துக்குமான இழப்பீடு ஆகியவற்றை எங்கள் நிறுவனத்திடமிருந்தே கேட்டிருக்கலாம். இதனோடு சேர்த்து வாங்கக்கூடிய இன்னொரு பிரிவு இருந்திருந்தால், எங்கள்மேல் தவறில்லாத இந்த விபத்தில் 1,000 டாலர் டிடக்டிபிளும் தள்ளுபடியாகியிருக்கும். நடந்தது என்னவென்றால், கார் பழுதுக்கான 6,800 டாலரில் 5,800 வந்தது. அதைத் தவிர வேறெதுவும் வரவில்லை. மருத்துவக் காப்பீட்டின் ஆண்டு டிடக்டிபிளும், பிசியோதெரபிக்குப் போன ஒவ்வொரு முறையும் கட்டிய தொகையும் எங்கள் கையைக் கடித்தன. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் வேலையில் இருந்த என் மனைவிக்குக் கட்டுப் பிரிக்கும்வரை வருமானமே இல்லை.

இதே பிரிவில் உள்ள மற்றொரு நுணுக்கத்தை எந்தப் புரோக்கரும் தானாக முன்வந்து விளக்கி நான் கேட்டதில்லை. எதிராளிக்குக் காப்பீடு இருந்தும் அது போதாமல் போனால் நம் பாலிசி ஈடுகட்டும் என்பது பொதுவான எண்ணம். கலிபோர்னியாவில் அது, நம் உச்சவரம்புக்கும் எதிராளியின் உச்சவரம்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே ஈடுகட்டும். எதிராளியிடம் 30,000 டாலர் லயபிலிட்டி இருந்து, நம்மிடம் இந்தப் பிரிவு 1,00,000 டாலருக்கு இருந்தால், அதிகபட்சம் 70,000 கிடைக்கும். நம்மிடமும் 30,000 என்றால், மருத்துவமனைச் செலவு லட்சத்தைத் தாண்டினாலும் அந்த வகையில் கிடைப்பது பூஜ்யம். ஆகவே இந்தப் பிரிவைக் குறைந்தபட்ச அளவில் வைத்துக்கொள்வது, காப்பீடே இல்லாதவர் மோதும்போது மட்டுமே உதவும்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் எங்களிடம் வாங்கியது 640 டாலர். அதில் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 296 மட்டும் என்பது நிறுவனத்தின் ரசீதைக் கேட்டு வாங்கிய பிறகே தெரிந்தது. 150 டாலர் புரோக்கர் கட்டணம். மீதி 194 டாலர், வண்டி நின்றுபோனால் இழுத்துச் செல்வதற்கான ஒரு மோட்டார் கிளப் சந்தா. அதற்கும் எங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அப்படியொன்று வாங்கியிருக்கிறோம் என்பதே எங்களுக்குத் தெரியாது. கலிபோர்னியாவில் புரோக்கர் தனிக் கட்டணம் வாங்குவது குற்றமல்ல. ஆனால் அதை முன்கூட்டியே தெரிவித்து, தனி ஒப்பந்தத்தில் கையொப்பம் பெற வேண்டும். நிறுவனத்தின் ஏஜென்டாகச் செயல்படுபவர் அப்படிக் கட்டணம் வாங்கவே கூடாது. எங்கள் கோப்பில் அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இல்லை.

நேரில் போய்க் கேட்டபோது, “நீங்கதானே சைன் பண்ணியிருக்கீங்க” என்பதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை. தம்பி என்று அழைத்தவர் அன்று சார் என்று மாறியிருந்தார். மாநிலக் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் புகார் பதிவு செய்தோம். அது இலவசம், வழக்கறிஞர் தேவையில்லை. எங்களிடம் இருந்த ரசீதுகளையும், 500 டிடக்டிபிள் என்று அவர் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியையும் இணைத்தோம். அதன்பின் புரோக்கர் கட்டணமும் கிளப் சந்தாவும் திரும்பி வந்தன. காப்பீட்டு நிறுவனமோ, கையொப்பமிட்ட மறுப்புப் படிவம் செல்லும் என்ற நிலையிலிருந்து இறங்கவில்லை. மோதிய ஓட்டுநர்மீது சிறு வழக்கு நீதிமன்றத்தில் 12,500 டாலர் வரை கேட்கலாம். ஆனால் பிரீமியம் கட்ட இயலாதவரிடம் தீர்ப்பை வைத்துக்கொண்டு எதை வசூலிப்பது என்பது வேறு கேள்வி.

இதே புரோக்கரிடம் வாங்கிய, எங்கள் அடுக்ககத்தில் வசிக்கும் இன்னொரு குடும்பத்தின் பாலிசியைப் பார்த்தபோது, பிரீமியத்தைக் குறைப்பதற்காக, புதிதாக உரிமம் பெற்ற மனைவியின் பெயர் விலக்கப்பட்ட ஓட்டுநர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட அதே காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அப்படி விலக்கப்பட்டவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், பாலிசி இருந்தும் இல்லாத நிலைதான். எனவே ஓட்டுநர் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

உடைமைச் சேதத்துக்கான 15,000 டாலர் என்பதும் இந்த ஊர்ச் சாலைகளுக்குப் போதாது. அது ஒரு விபத்தில் சேதமான எல்லா வண்டிகளுக்கும் சேர்த்த தொகை. சிக்னலில் நாம் இடித்த கார் முன்னால் நிற்கும் மின்சாரக் காரின்மேல் மோதினால், இரண்டுக்கும் அதற்குள்ளேயே பங்கு. மிச்சத்தை எதிர்த் தரப்பின் காப்பீட்டு நிறுவனம் நம்மிடம் கேட்கும். நீதிமன்றம் வரை போனால் சம்பளத்தில் பிடித்தமும் வரலாம்.

வேலை மாற்றத்தால் மாநிலம் மாறுபவர்கள், பழைய மாநிலத்துக் கணக்கைப் புதிய இடத்தில் போடக்கூடாது. டெக்சஸில் குறைந்தபட்சம் 30,000, 60,000, 25,000. ஃப்ளோரிடாவில் அடிப்படைக் கட்டாயம், நம் சொந்தக் காயத்துக்கு 10,000, பிறர் உடைமைக்கு 10,000 என்பதுதான். பெரும்பாலான ஓட்டுநர்கள் பிறர் காயத்துக்கான லயபிலிட்டியே இல்லாமல் சட்டப்படி ஓட்டலாம். அங்கே காப்பீடற்ற ஓட்டுநர் பிரிவு இல்லாமல் இருப்பது இங்கே இல்லாமல் இருப்பதைவிட ஆபத்து. நியூ ஹாம்ப்ஷயரில் பொதுவாகக் காப்பீடே கட்டாயமில்லை. முகவரி மாறியதும் பாலிசியையும் புது மாநிலத்துக்கு ஏற்ப எழுதி வாங்க வேண்டும். பல மாநிலங்களில் கிரெடிட் வரலாறு பிரீமியத்தைத் தீர்மானிக்கிறது. கலிபோர்னியாவில் அதற்கு இடமில்லை. ஆகவே, “உங்களுக்கு கிரெடிட் ஹிஸ்டரி இல்லை, அதனால் குறைந்தபட்ச பாலிசிதான் கிடைக்கும்” என்று இங்கே யாராவது சொன்னால், உடனே அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

இப்போது நேரடியாக ஒரு நிறுவனத்திடம் வாங்கியிருக்கிறோம். லயபிலிட்டி 1,00,000, 3,00,000, 1,00,000. காப்பீடற்ற ஓட்டுநர் பிரிவும் அதே 1,00,000, 3,00,000. மருத்துவச் செலவுப் பிரிவு 5,000. கொலிஷன் டிடக்டிபிள் 500. பழைய பாலிசியோடு ஒப்பிட்டால் ஆறு மாதத்துக்குக் கூடுதலாக ஆவது, அந்த மோட்டார் கிளப் சந்தாவைவிடக் குறைவு.

பணம் கட்டுமுன், டெக்லரேஷன் பக்கத்தின் மாதிரியை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். தொலைபேசியில் வாசித்துக் காட்டுவதை ஏற்க வேண்டாம். கையொப்ப இணைப்பு வந்தால் கைப்பேசியில் தொடாமல், கணினியில் முழு ஆவணத்தையும் இறக்கி, நிராகரிப்பு, விலக்கு என்ற பொருளில் வரும் ஒவ்வொரு படிவத்தையும் தனியே எடுத்துப் படியுங்கள். காசோலையையோ கார்டு கட்டணத்தையோ காப்பீட்டு நிறுவனத்தின் பெயருக்கே கொடுங்கள். புரோக்கரின் உரிம எண் அவருடைய அட்டையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது நடப்பில் இருக்கிறதா, அவர்மீது நடவடிக்கை ஏதும் உண்டா என்பதைக் காப்பீட்டுத் துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இப்படிப்பட்ட இடத்தில் வாங்கியிருப்பவர்கள் புதுப்பிப்புத் தேதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிராகரித்த பிரிவைச் சேர்க்கச் சொல்லி நிறுவனத்திடம் இன்றே கேட்கலாம். சேர்த்த தேதியிலிருந்து அது நடப்புக்கு வரும்.