கெடு தவறும் நாளில் எந்தக் கெர்னல் கைகொடுக்கும்?

ஆயிரம் முறை நேரத்துக்குத் திறந்த வால்வு ஆயிரத்தோராவது முறை பிந்தினால், அதை இயக்கும் கணினி தேறவில்லை என்றே பொருள். ஆகவே, கெடுவுக்குள் வேலையை முடித்தே தீர வேண்டிய இத்தகைய கணினிகளுக்கான நிகழ்நேர இயங்குதளங்களில் நான் முதலில் தேடுவது ஒன்றுதான்: கெடு தவறினால், இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் நடந்ததைப் பார்க்க வழி இருக்கிறதா?

விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம் உரிமக் கட்டணம் கேட்கும் மூடிய மென்பொருள். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அதில்தான் ஓடியது. சில நாட்களிலேயே கணினி அடிக்கடி ரீசெட் ஆகத் தொடங்கியது. வானிலைத் தரவைக் கவனித்த, முன்னுரிமை குறைந்த கீழ்நிலைப் பணி ஒரு பூட்டைப் (ஒரு நேரத்தில் ஒரு பணியை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு) பிடித்திருந்தது. மேல்நிலைப் பணி அதற்காகக் காத்து நின்றது. இடையே நடுநிலைப் பணிகள் புகுந்து நேரத்தைத் தின்றதால் அதன் கெடு தவறியது. நாசாவின் ஜேபிஎல் ஆய்வகப் பொறியாளர்கள் பூமியிலிருந்த நகல் கணினியில் அதே கோளாறை வரவழைத்துத் தடம் பிடித்தார்கள். பூட்டைப் பிடித்திருக்கும் பணிக்குத் தற்காலிகமாக மேல்நிலை தரும் வசதி அணைந்திருந்தது. அதை இங்கிருந்தபடியே இயக்கிவிட்டார்கள். தடம் பதியும் வசதியைக் கழற்றாமல் வைத்திருந்ததுதான் அன்று காப்பாற்றியது. மூலநிரல் முழுவதும் கையில் இருந்தால் இந்தத் தேடல் இன்னும் எத்தனை எளிது!

லினக்ஸில் அது கையில் இருக்கிறது. சுமார் இருபது ஆண்டுகள் தனி ஒட்டாகவே (கெர்னலின் மேல் சேர்க்கும் நிரல் மாற்றமாகவே) வளர்ந்த பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற நிகழ்நேர வசதி, 2024இல் 6.12 பதிப்பில் மையக் கெர்னலோடு சேர்ந்தது. நெட்வொர்க், கோப்பு முறைமை, டிரைவர் எல்லாம் தயாராகக் கிடைக்கின்றன. தாமதத்தை அளக்கும் சைக்கிளிக்டெஸ்ட் நிரல் ஓடும்போது நான் மேக்ஸ் என்ற உச்சத் தாமத எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். அது ஏறுமே தவிர இறங்காது. டிஸ்கிலும் நெட்வொர்க்கிலும் சுமையேற்றி இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் திரையைத் திறக்கையில் நெஞ்சு படபடக்கும். சராசரி எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்குப் பயனில்லை. இத்தனை பெரிய கெர்னலில் மிக மோசமான தாமதத்தை அளந்து பார்க்கலாம். நிரூபிப்பது மிகக் கடினம்.

2016இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் தொடங்கிய செஃபிர் என்ற சிறிய நிகழ்நேர இயங்குதளம் திறமூலம்; சில கிலோபைட் நினைவகத்திலேயே ஓடும். எந்தப் பணி எப்போது ஓடும் என்று திட்டமிடும் பகுதியை ஒருவர் உட்கார்ந்து படித்து முடித்துவிடலாம். மோட்டாரை இயக்கும் மின்சுற்றுப் பலகையில் அதையே வைப்பேன்; திரையையும் நெட்வொர்க்கையும் பக்கத்துப் பலகையில் லினக்ஸ் பார்த்துக்கொள்ளட்டும். பயணிகள் ஏறும் விமானத்துக்கு மட்டும், பாதுகாப்புச் சான்றிதழ் ஆவணங்களுக்காக, விஎக்ஸ்வொர்க்ஸின் கட்டணத்தை மறுபேச்சின்றிக் கொடுப்பேன்.