அயனிப் பொறி: ஒரே தளத்திலா, இரண்டு அடுக்கிலா?

குவாண்டம் கணினிக்காக அயனியை (மின்னூட்டம் ஏறிய அணுவை) வெற்றிடத்தில் பிடித்து வைப்பது, 1950-களில் வுல்ஃப்காங் பால் கண்ட வழியில்தான். சுற்றிலும் மின்முனைகள், அவற்றில் ரேடியோ அலைவெண் மின்னழுத்தம், நடுவில் அயனி. அயனியைப் பிடிக்கும் இந்தப் பொறியைச் சிப் அளவுக்குச் சுருக்க இரண்டு பாதைகள் உண்டு.

முதலாவது, எல்லா மின்முனைகளையும் ஒரே தளத்தில் பரப்புவது. அமெரிக்காவின் நிஸ்ட் ஆய்வகம் 2006-ல் உருக்கிய குவார்ட்ஸின் மேல் தங்கம் படியவைத்து இதைச் செய்துகாட்டியது. மெக்னீசியம் அயனி, தங்கத்துக்கு மேலே வெறும் 40 மைக்ரோமீட்டர் உயரத்தில் மிதந்தது. தலைமுடியின் தடிமன்கூட இல்லை! சிப்பில் வடிவங்களைப் பதிக்கும் முறையான லித்தோகிராஃபி எந்த வடிவத்தையும் வரையும் என்பதால், 2023-ல் வந்த குவான்டினுவம் நிறுவனத்தின் ஹெச்2 பொறியை நீள்வட்ட ஓடுபாதையாகவே அமைத்தார்கள். அயனிகள் அதில் இடம் மாறி மாறிச் சேர்ந்து கணக்கிடுகின்றன.

ஆனால் மேல்பக்கம் திறந்து கிடக்கிறது. மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறு ஒன்று நன்றாக இடித்தால் அயனி போய்விடும். அதைவிடத் தலைவலி இரைச்சல்தான். மின்முனைப் பரப்பில் எழும் மின்புல இரைச்சல், அதாவது அயனியை உலுக்கும் தாறுமாறான ஏற்ற இறக்கம், அயனி பரப்பை நெருங்க நெருங்க ஏறக்குறைய தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறும்: தூரத்தைப் பாதியாக்கினால் சுமார் 16 மடங்கு. 2012-ல் நிஸ்ட் குழு ஆர்கான் அயனிகளால் பரப்பைச் சுத்தம் செய்து அதை ஏறத்தாழ 100 மடங்கு குறைத்தது. அப்படியென்றால் பரப்பில் ஒட்டியிருக்கும் அழுக்குக்கு இதில் பெரிய பங்கு உண்டு. பொறியைக் குளிர்வித்தாலும் இரைச்சல் வெகுவாகத் தணிகிறது.

இரண்டாவது, மின்முனைகள் பதித்த வேஃபர்களை (சிப் செய்யும் மெல்லிய தகடுகளை) எதிரெதிரே அடுக்குவது. சிப் நிறுவனமான இன்ஃபினியனும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட பொறியில் அயனிக்கும் மின்முனைக்கும் 200 மைக்ரோமீட்டர் இடைவெளி. பொறியின் ஆழம், அதாவது அயனி தப்பிக்கத் தேவையான ஆற்றல், 1 எலக்ட்ரான் வோல்ட். தளப் பொறிகளில் இது பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இதற்குக் கொடுக்கும் விலை, வேஃபர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் துல்லியமாகப் பொருத்தும் வேலை. அயனிகளை இயக்கும் லேசருக்கு வழியும் குறுகிவிடும். பாதைகள் சந்திக்கும் முனைகளை அமைப்பதும் கடினம்.

மின்முனைகளைத் தாங்கும் அடிப்பொருள் விஷயம் இரண்டுக்கும் பொது. சிலிக்கான் ரேடியோ அலையை உறிஞ்சிச் சூடாகும், அதனால் இடையில் உலோகக் கவசம் வேண்டும். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சிதறிய லேசர் ஒளி பட்டால் மின்னூட்டம் ஏறி அயனியை இடம் தள்ளும்.

சில பத்து அயனிகளோடு மேசையில் சோதனை செய்வதென்றால் நான் அடுக்குப் பொறியைத்தான் எடுப்பேன். ஆயிரக்கணக்கில் என்றால் தளப் பொறி, அதுவும் குளிர்வித்து. காரணம் 2020-ல் வந்துவிட்டது: சுவிட்சர்லாந்தின் இ.டி.ஹெச். ஜூரிக் பல்கலைக்கழகத்திலும் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்திலும் ஒளிவழிகளைச் சிப்புக்குள்ளேயே பதித்து, சிப்பிலிருந்தே அயனியை நோக்கி லேசரைப் பாய்ச்சினார்கள்.