சிவப்பா, நீலமா: பாக்டீரியாவுக்கு எந்த ஒளிச் சுவிட்ச்?

ஈ. கோலை பாக்டீரியாவில் ஒரு ஜீனை வெளிச்சத்தால் இயக்க நினைத்தால், முதலில் கண்ணில் படுபவை இரண்டு புரதக் குடும்பங்கள். சிவப்பு ஒளிக்குப் பைட்டோகுரோம், நீல ஒளிக்கு எல்ஓவி. இரண்டையும் ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் நீலத்தின் பக்கம் வந்துவிட்டேன்.

வரலாறு பார்த்தால் பைட்டோகுரோமுக்குத்தான் முதல் மரியாதை. 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில்லில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்யூஸ் விதைகளுக்குச் சிவப்பு ஒளியையும் தூரச் சிவப்பு ஒளியையும் (சிவப்பைவிட அலைநீளம் கூடியது) மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பு என்றால் விதை முளைத்தது. தூரச் சிவப்பு என்றால் உறங்கிப்போனது. விதைக்குள் இப்படிச் சுவிட்ச் போட்ட புரதம்தான் பைட்டோகுரோம். 1997-ல் சைனெக்கோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியாவிலும் இதே குடும்பத்துப் புரதம் இருப்பது உறுதியானது. 2005-ல் அதன் ஒளி வாங்கும் பாதியை ஈ. கோலையின் சொந்தப் புரதம் ஒன்றோடு ஒட்டி, பாக்டீரியா படர்ந்த தட்டையே ஃபிலிமாக்கிப் படம் எடுத்துவிட்டார்கள். அழகான வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் தினமும் வைத்து வேலை செய்யும்போது ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது: நிறமியை யார் கொடுப்பது?

புரதம் தனியாக வெளிச்சத்தைப் பிடிப்பதில்லை. அதற்குள் ஒரு சின்ன நிறமி மூலக்கூறு உட்கார்ந்திருக்க வேண்டும். சைனெக்கோசிஸ்டிஸ் பைட்டோகுரோமுக்கு அது பைகோசயனோபிலின். ஈ. கோலையிடம் அது கிடையாது. அதனால் இரண்டு ஜீன்களைக் கூடவே ஏற்ற வேண்டும்: ஒன்று ஹீமை (செல்லில் இருக்கும் இரும்பு கொண்ட மூலக்கூறு) உடைத்துப் பிலிவெர்டின் என்ற நிறமி ஆக்க, இன்னொன்று அதைப் பைகோசயனோபிலின் ஆக்க. இந்த ஹீம் செல்லின் சொந்தத் தேவைக்கும் வேண்டியது. நிறமி குறைவாக விளைந்தால் புரதத்தில் ஒரு பங்கு குருடாகவே நிற்கும். சிக்னல் மங்கும்போது கோளாறு சுவிட்சிலா, நிறமியிலா, ஒளியிலா என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எல்ஓவிக்கு இந்தத் தலைவலியே இல்லை. அதன் நிறமி எஃப்எம்என், அதாவது வைட்டமின் பி2-விலிருந்து வரும் ஃப்ளேவின். எந்தச் செல்லிலும் ஏற்கெனவே இருக்கிறது. 450 நானோமீட்டர் ஒளி பட்டதும் அந்த ஃப்ளேவின் பக்கத்திலிருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு பிணைந்து புரதத்தை மாற்றுகிறது; இருட்டில் விட்டால் பிணைப்பு தானாக அவிழ்கிறது. 2012-ல் வந்த பிடான் அமைப்பு பேசில்லஸ் சப்டிலிஸின் எல்ஓவியை வைத்துக் கட்டியது. ஒரே பிளாஸ்மிட், அதாவது செல்லுக்குள் ஏற்றும் ஒரு சின்ன டிஎன்ஏ வளையம். ஏற்று, நீல எல்இடியைப் போடு, ஜீன் ஓடும். மாணவர்களிடம் கொடுத்தாலும் அடுத்தடுத்த பேட்ச்களில் பெரிய ஏற்ற இறக்கம் வருவதில்லை.

குறையும் உண்டு. நினைத்த நொடியில் அணைக்க முடியாது. பைட்டோகுரோமுக்குச் சிவப்புக்குப் பதில் தூரச் சிவப்பு ஒளி காட்டினால் உடனே திரும்பும். பிடானில் இருக்கும் புரதம் இருட்டில் பழைய நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். நீல ஒளி அளவு மீறினால் செல்லையும் வருத்தும். அப்புறம், ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதத்தை ஒளிரவைக்க 488 நானோமீட்டர் ஒளி அடித்தால் அதுவே சுவிட்சைப் போட்டுவிடும். அதனால் ஜீன் ஓடுகிறதா என்று காட்டும் ரிப்போர்ட்டராக நான் எம்செர்ரி என்ற சிவப்பு ஒளிர் புரதத்தைத்தான் வைக்கிறேன். தட்டுகளைக் கையாளும்போது அறையில் சிவப்பு விளக்கு மட்டும் எரியும்.

விலங்குச் செல்களில் எனக்குக் கை அனுபவம் குறைவு. ஆனால் அங்கே இதே கேள்விக்குப் பதில் சிவப்பின் பக்கம் சாய்கிறது என்று நினைக்கிறேன். டைனோகாக்கஸ், ரோடோசூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களின் பைட்டோகுரோம்களுக்குப் பிலிவெர்டினே போதும். நம் உடல் ஹீமை உடைக்கும்போதே அது கிடைத்துவிடுகிறது. அவை வாங்கும் தூரச் சிவப்பு ஒளியும் நீலத்தைவிடத் தசைக்குள் ஆழமாகப் போகும். எலியில் வேலை செய்கிறவர் என்றால் பிடானை விட்டுவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.