ரியூப்லெஸ் ரயரும் கச்சான் காற்றும்: திருகோணமலையிலிருந்து மலைநாட்டு நெடுந்தூரச் சைக்கிள் போட்டிக்கு

முன்பக்கத்தில் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள, 29 அங்குலச் சில்லுகள் பூட்டிய மலைச் சைக்கிள் ஒன்றைத் திருகோணமலையில் சில ஆண்டுகளாக ஓட்டிப் பயிற்சி செய்து, மலைநாட்டுத் தோட்டப் பாதைகளில் நடக்கும் அமெச்சூர் நெடுந்தூரப் போட்டிகளில் கலந்துகொண்டு வருகிறேன். அந்தச் சைக்கிளில் செய்த மாற்றங்களுள் செலவுக்கு மேலாகவே பயன் தந்தது, ரியூப்பைக் கழற்றிவிட்டு, துளைகளைத் தானாக அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய ரியூப்லெஸ் ரயருக்கு மாறியதுதான்.

கன்னியா வெந்நீரூற்றுக்கு அப்பாலும் நிலாவெளிப் பக்கத்துக் குளக்கட்டுகளை ஒட்டியும் போகும் கிறவல் பாதைகளில் நெருஞ்சிக்கும் உடைமுள்ளுக்கும் குறைவே இல்லை. ரியூப் இருந்த காலத்தில், நீண்ட ஓட்டம் என்றால் வெயிலில் குந்தியிருந்து ஒட்டுப்போடும் வேலையும் அதனோடு சேர்ந்தே வரும். இப்போது முள்ளைப் பிடுங்கியதும் பால் நிறத் திரவம் சீறிக்கொண்டு வெளியே வரும். துளை தரையைப் பார்க்கும்படி சில்லைத் திருப்பிப் பிடித்தால், திரவம் அங்கே தேங்கி, சிறிது நுரைத்து, உள்ளேயிருக்கும் ரப்பர் பால் உறைந்து துளையை அடைத்துவிடும். பல நேரங்களில் முள் ஏறியதே வீட்டுக்கு வந்து ரயரைக் கழுவும்போதுதான் தெரியவரும்.

ஆனால் போட்டியில் இதைவிடப் பெரிய நன்மை காற்றழுத்தத்தில் இருக்கிறது. ரியூப் உள்ள ரயரில் காற்றைக் குறைத்தால், கல்லில் மோதும்போது ரியூப் றிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கி இரண்டு இடங்களில் வெட்டுப்படும். அந்தப் பயம் இல்லாததால், முன்பு 30 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அலகு) மேல் அடித்த நான் இப்போது 25க்கும் கீழே வைத்து ஓட்டுகிறேன். தோட்டப் பாதையின் கூர்ங்கற்கள் மேல் ரயர் வளைந்து கொடுத்துப் பிடித்துக்கொள்வதால், ஏற்றத்தில் பின்சில்லு வழுக்குவது குறைந்தது; மணிக்கட்டும் இடுப்பும் முன்போல் சோர்வதில்லை. உலகச் சைக்கிளோட்ட ஒன்றியம் மரதன் வகை மலைச் சைக்கிள் போட்டிக்கு வகுத்திருக்கும் தூரம் 60 முதல் 160 கிலோமீற்றர் வரை. அவ்வளவு நேரம் குலுங்க வேண்டியிருக்கும்போது, சைக்கிளின் எடையில் சில நூறு கிராம் குறைப்பதைவிட உடம்புக்குப் போகும் அதிர்வைக் குறைப்பதே மேல் என்பது என் அனுபவம்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை பராமரிப்பு. சீலன்ட் இரண்டு முதல் ஆறு மாதம் வரை தாங்கும் என்பது பொதுக்கணக்கு. நமது வெயிலுக்கு, அதிலும் மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட காலத்தில், அந்தக் கணக்கின் குறைந்த எல்லையையே நம்ப வேண்டும். உலர்ந்த திரவம் ரயரின் உட்புறத்தில் மெல்லிய தோலாகப் படிந்திருக்கும், வால்வின் உட்பகுதியும் அடைத்துக்கொள்ளும்; அதைக் கழற்றும் சிறிய சாவி கைவசம் இருப்பது நல்லது. காபனீரொட்சைட்டுக் குப்பியால் காற்றடித்தால் சில வகைச் சீலன்ட் கட்டிபட்டுவிடும் என்பதால் கைப்பம்பையே கொண்டுபோகிறேன்.

கடலோரமான உப்புவெளிப் பக்கம் ஓட்டுபவர்கள், உப்புக்காற்றில் செயின் துருப்பிடிக்கும் என்பதால், அதை நன்னீரில் கழுவி, துடைத்து, உலர்த்தி, எண்ணெய் விட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மலையில்லாத ஊரில் மலைப் போட்டிக்கு எப்படிப் பழகுவது என்று பலர் கேட்கிறார்கள். தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அனுராதபுர வீதியில் அதை எதிர்த்து மேற்கு நோக்கி இரண்டு மணி நேரம் மிதித்துப் பார்க்கட்டும். நீண்ட ஏற்றத்தில் வேண்டிய சீரான, விடாத மிதிப்பைக் கால்கள் அங்கேயே கற்றுக்கொள்ளும். இறக்கத்தை மட்டும் இங்கே எந்த வழியிலும் பழக முடியாது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். அந்தப் பக்கத்து இறக்கங்களில் பிறேக்கை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதை அங்கே போய்த்தான் அறிய முடியும். ஆகவே போட்டிக்கு ஓரிரு நாள் முன்னதாகவே போய், பாதையின் இறக்கப் பகுதிகளையாவது ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம்.

ரியூப்லெஸ்ஸுக்கு மாறினாலும் ஒரு ரியூப்பை இருக்கைக்குக் கீழே கட்டிக்கொண்டே ஓட்டுங்கள். ரயரின் பக்கச்சுவர் கல்லில் கிழிந்தால் எந்தச் சீலன்டாலும் அதை அடைக்க முடியாது. கிழிசலுக்கு உட்புறமாகத் தடித்த ரயர்த் துண்டு ஒன்றை வைத்து, ரியூப்பைப் போட்டுத்தான் மீதித் தூரத்தை முடிக்க வேண்டியிருக்கும். அடுத்த முறை பின்சில்லுக்கு, எடை கூடினாலும், பக்கச்சுவர் தடித்த ரயரையே வாங்கவிருக்கிறேன்.