பி.ஆர். வந்த பிறகு: ரெஜைனாவிலேயே இருப்பதா, டொராண்டோவா, கால்கரியா?

மாகாண நியமனத்தில், அதாவது ஒரு மாகாண அரசு தேர்ந்தெடுத்துப் பரிந்துரைத்து, கனடா பி.ஆர். (நிரந்தரவாச அனுமதி) வாங்கிய எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் இந்தப் பேச்சு வராமல் போகாது. அட்டை தபாலில் வந்த வாரமே டொராண்டோ பக்கத்து ஏஜாக்ஸிலிருந்து மச்சினன் போன் போட்டான். "மாமா, அதான் பி.ஆர். வந்தாச்சே, இன்னும் அந்தப் பனிக்காட்டுல என்ன பண்றீங்க?" என்றான். எங்களை நியமித்தது சஸ்காட்செவான். நான் மென்பொருள் வேலை, மனைவி முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணி, குடியிருப்பு அந்த மாகாணத் தலைநகர் ரெஜைனா. டொராண்டோவையும் கால்கரியையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ரெஜைனாவிலேயே தங்கிவிட்டோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. தங்குவதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம், ஏனென்றால் பாதிப் பேருக்குப் பயமே அங்கேதான். கனடா உரிமைகள் சாசனத்தின் 6ஆவது பிரிவு, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் எந்த மாகாணத்திலும் குடியிருந்து பிழைக்கும் உரிமையைத் தருகிறது. பி.ஆர். ஆன பிறகு ஊர் மாறினார் என்பதற்காக மட்டும் யாருடைய அட்டையையும் பறிக்க முடியாது. ஆனால் நியமிக்கும் மாகாணத்தில் வாழும் எண்ணம் இருக்க வேண்டும் என்று குடியேற்ற விதிகள் சொல்கின்றன. பி.ஆர். உறுதியாகும் நாள் வரை அந்த எண்ணம் உண்மையாக இருக்க வேண்டும். குடியேற்றத் தரவரிசையில் நியமனம் கொடுக்கும் 600 கூடுதல் புள்ளிகளை வாங்கிக்கொண்டு, அந்த மாகாணத்தில் கால் வைக்காமலே நேராக டொராண்டோவில் போய் இறங்கினால், பொய்த் தகவல் கொடுத்ததாகக் கேள்வி எழலாம். அது நிரூபணமானால் பி.ஆரே போகும், 5 வருஷம் நாட்டுக்குள் வரவும் முடியாது. ஓரிரு வருஷம் அங்கே வேலை பார்த்து, வாடகை கட்டி, வரி தாக்கல் செய்தவருக்கு இந்தக் கவலை வேண்டாம். குடியுரிமைக்கான 5 வருஷத்தில் 1,095 நாள் கணக்கும் நாடு முழுவதற்கும் ஒன்றுதான், எந்த ஊரில் இருந்தீர்கள் என்பது அதில் வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிலர், முக்கியமாக நர்ஸ்கள், ஊக்கத்தொகை வாங்கும்போது இத்தனை வருஷம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று தனியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அது பி.ஆர். சட்டத்தோடு சேராத தனி ஒப்பந்தம். அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிர், கோயில், கறிவேப்பிலை இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, சீக்கிரம் தாண்டிவிடுகிறேன். ரெஜைனாவில் ஜனவரியில் மைனஸ் 30 சாதாரணம். எங்கள் கார்களின் முன்கிரில்லில், இன்ஜினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரின் ஒயர் நாக்கு மாதிரி தொங்கும், ராத்திரி அதைப் பிளக்கில் செருகாமல் தூங்கினால் காலையில் வண்டி கிளம்புமா என்பது சந்தேகம்தான். டொராண்டோ குளிர் அதில் பாதிகூட வராது. தமிழ்ச் சூழலில் போட்டியே கிடையாது. டொராண்டோவின் ஸ்காபரோ பகுதியில் மார்க்கம் ரோடு ஓரமாக ஒரு நடை போய்வந்தால் மளிகை, நகை, புடவை, கணக்காளர், வக்கீல் எல்லாம் தமிழிலேயே முடிந்துவிடும். ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில் பக்கத்திலேயே. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் தமிழையே ஒரு பாடமாக எடுத்து மதிப்பெண் வாங்கலாம். எங்களுக்கு வாடகை மண்டபத்தில் வருஷம் ஒரு பொங்கல் விழா.

இப்போது வீடு. எங்கள் முடிவைத் தீர்மானித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

டொராண்டோ வட்டாரத்தில் சராசரி வீட்டு விலை 10 லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. ரெஜைனாவில் மூன்று படுக்கையறைத் தனிவீடு மூன்றிலிருந்து நாலு லட்சத்துக்குள் அமைந்துவிடும். இந்த வித்தியாசம் ஊரறிந்தது. பலரும் கவனிக்காமல் விடுவது, விலைக்கு மேல் ரொக்கமாக எடுத்து வைக்க வேண்டிய தொகையை.

ஸ்காபரோவில் 9 லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்ச முன்பணம் முதல் 5 லட்சத்துக்கு 5 சதவீதம், மீதி 4 லட்சத்துக்கு 10 சதவீதம், ஆக 65,000 டாலர். அதற்கு மேல், வீடு கைமாறும்போது வாங்குபவர் கட்டும் நில மாற்று வரி. ஒன்ராறியோ மாகாணத்துக்கு 14,475 டாலர். ஸ்காபரோ டொராண்டோ மாநகராட்சிக்குள் வருவதால் மாநகராட்சிக்கும் தனியாக இன்னொரு 14,475. மொத்த வரி 28,950 டாலர். இதை வங்கிக் கடனில் சேர்க்க முடியாது, சாவி வாங்கும் நாளில் வக்கீல் கணக்கில் ரொக்கமாக நிற்க வேண்டும். நம் ஆட்கள் ஏஜாக்ஸ், பிக்கரிங், மார்க்கம் என்று நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டீல்ஸ் அவென்யூவுக்குத் தெற்கே டொராண்டோ, வடக்கே மார்க்கம். சாலையைத் தாண்டினால் இரண்டாவது 14,475 இல்லை.

"முதல் வீடு வாங்குபவருக்குச் சலுகை உண்டே" என்று கேட்பீர்கள். உண்டு. மாகாணம் 4,000 டாலர் வரை, டொராண்டோ மாநகராட்சி 4,475 டாலர் வரை திருப்பித் தருகிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு, உலகத்தில் எங்கேயும், எப்போதும், ஒரு வீட்டிலோ வீட்டின் பங்கிலோ உங்களுக்கு உரிமை இருந்திருக்கக் கூடாது. ரெஜைனாவில் வாங்கிய வீடு கணக்கில் வரும். திருச்சியில் அப்பா காலமானபின் அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவாக வந்த வீட்டுப் பங்கும் கணக்கில் வரும், ஏனென்றால் வாரிசாக வந்ததையும் விதி சேர்த்தே சொல்கிறது. தம்பதியாக இருக்கும் காலத்தில் கணவன், மனைவி யார் பெயரில் வீடு இருந்தாலும் சலுகை போய்விடும். எங்களுக்கு இரண்டு காரணமும் பொருந்தியது, ஆகவே ஒரு டாலர்கூடத் திரும்ப வராது. மத்திய அரசின் திட்டங்கள் இந்த அளவுக்குக் கறார் இல்லை. ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து வீட்டுக்காக 60,000 டாலர் வரை எடுக்கும் திட்டத்தில், இந்த வருஷமும் முந்தைய நாலு வருஷமும் சொந்த வீட்டில் குடியிருக்கவில்லை என்றால் மறுபடியும் முதல்முறை வாங்குபவராகவே நினைப்பார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, "நாலு வருஷம் வாடகையில் இருந்தால் எல்லாச் சலுகையும் வந்துவிடும்" என்று சொல்பவர்கள் அநேகம். ஒன்ராறியோ வரிக்கு அது செல்லாது.

அதே கணக்கை ரெஜைனாவில் போடுங்கள். மூன்றரை லட்சத்து வீட்டுக்குக் குறைந்தபட்ச முன்பணம் 17,500. சஸ்காட்செவானில் நில மாற்று வரி என்ற ஒன்றே கிடையாது, உரிமைப் பத்திரம் பெயர் மாற்றும் பதிவுக் கட்டணம் ஆயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். ஸ்காபரோவில் வரிக்கு மட்டும் கொடுக்கும் பணத்தில் இங்கே முன்பணம், பதிவு, வக்கீல் எல்லாம் முடித்து ஒரு நல்ல சோபாவும் வாங்கலாம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரெஜைனாவில் வீட்டு விலை நெடுங்காலமாக மெதுவாகத்தான் ஏறியிருக்கிறது. ஐந்து வருஷம் இங்கே கடன் கட்டிவிட்டு விற்றால், தரகர் கமிஷன் போகக் கையில் நிற்கும் தொகை டொராண்டோவின் முதல் படிக்கே எட்டாது. அதனால் ரெண்டு மூணு வருஷத்தில் கிளம்புவது நிச்சயம் என்றிருப்பவர்கள் இங்கே வீடு வாங்க வேண்டாம், வாடகையில் இருந்துகொண்டு பணத்தைச் சேர்ப்பது மேல். வீட்டுக் கடனைப் பாதியில் முறித்தால் வரும் அபராதமும் மிச்சம். நாங்கள் வாங்கினோம், ஏனென்றால் போகப் போவதில்லை என்று முடிவு செய்த பிறகுதான் வாங்கினோம்.

சரி, ரெஜைனா வீட்டில் குறையே இல்லையா? இருக்கிறது, தரைக்கடியில். இந்த ஊர் மண் ஈரத்தில் உப்பி, காய்ந்தால் சுருங்கும் களிமண். அது வருஷம் முழுக்க நிலவறைச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பழைய வீடுகளின் நிலவறையில் சுவரை ஒட்டி இரும்புத் தூண்கள் நிற்பதைப் பார்க்கலாம், சுவர் உள்ளே சாயாமல் முட்டுக் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் மயிரிழை விரிசல் உண்டு. பென்சிலால் இரண்டு பக்கமும் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்திருக்கிறேன், வருஷா வருஷம் பார்ப்பேன். இங்கே வீடு பார்க்கப் போனால் சமையலறையைக் கடைசியில் பாருங்கள், முதலில் கீழே இறங்குங்கள். அஸ்திவாரம் பழுது என்றால் மலிவு விலையின் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

வீட்டுக்கு அடுத்தது கார் காப்பீடு. இங்கே அடிப்படைக் காப்பீடு நம்பர் பிளேட்டோடு சேர்ந்தே வருகிறது, நடத்துவது மாகாண அரசு நிறுவனம். ஒன்ராறியோவில் எல்லாம் தனியார், அதிலும் உங்கள் அஞ்சல் குறியீட்டை வைத்துத் தொகை ஏறும். ஸ்காபரோவும் பிராம்ப்டனும் அதில் அதிகம் கட்டும் பகுதிகள். குழந்தைக் காப்பகத்தில் வித்தியாசம் குறைந்துகொண்டு வருகிறது. சஸ்காட்செவானில் அரசுத் திட்டத்தில் உள்ள காப்பகத்தில் 2023 ஏப்ரல் முதல் நாளைக்கு 10 டாலர். ஒன்ராறியோவில் 2025 ஜனவரி முதல் உச்சவரம்பு 22 டாலர். இரண்டு இடத்திலும் கட்டணத்தைவிட இடம் கிடைப்பதுதான் பாடு.

டொராண்டோவுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துவிட வேண்டும். நடுத்தரச் சம்பளத்துக்கு ஒன்ராறியோவின் மாகாண வருமான வரி எங்களுடையதைவிடக் குறைவு. அங்கே முதல் படி 5.05 சதவீதம், இங்கே 10.5. வேலை விஷயத்தில் ஒப்பிடவே வேண்டாம். ரெஜைனாவில் மென்பொருள்காரனுக்கு அரசுத் துறைகள், மின்சாரம், தொலைபேசி, காப்பீடு என்று மாகாண அரசு நிறுவனங்கள், அப்புறம் விரல் விட்டு எண்ணக்கூடிய தனியார். ஒரு வேலை போனால் அடுத்ததைத் தேட ஊரே சின்னது. டொராண்டோவில் வங்கிகளின் தலைமையகங்கள் மட்டுமே ஒரு வாழ்நாளுக்குப் போதும். இருவரும் பெரிய சம்பளத்துக்கு வாய்ப்புள்ள துறையில் இருந்தால், மேலே சொன்ன வீட்டுக் கணக்கைச் சம்பளமே சரிக்கட்டிவிடலாம். ஊரிலிருந்து வயதான அப்பா அம்மாவை அழைத்து வைத்துக்கொள்ளப் போகிறவர்களிடம் நான் வாதாடவே மாட்டேன். பகலெல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால், பேச ஆளில்லாமல், பனியைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட, தமிழ் பேசும் டாக்டரும் நடந்துபோகும் தூரத்தில் கடையும் உள்ள ஊர் அவர்களுக்கு நல்லது. எங்கள் பெற்றோர் தரப்பில் அந்த நிலை இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் சாய்ந்திருக்கலாம்.

கால்கரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். காரில் ஒரு பகல் தூரம், விடுமுறைக்குப் போய்வந்ததும் அங்கே மாறிய நண்பர்கள் சொன்னதுமே என் அனுபவம். காகிதத்தில் பார்த்தால் கவர்ச்சியான ஊர். ஆல்பர்ட்டாவில் மாகாண விற்பனை வரி இல்லை, மத்திய வரி 5 சதவீதம் மட்டும். எங்களுக்கு 11, ஒன்ராறியோவுக்கு 13. நில மாற்று வரியும் கிடையாது. வேலைச் சந்தை எங்களைவிடப் பெரிது. மறுபக்கம், கார் காப்பீடு தனியார் கையில், அதைப் பற்றி அங்குள்ளவர்கள் புலம்பாத நாள் இல்லை. வீட்டு விலையும் 2022க்குப் பிறகு நன்றாக ஏறிவிட்டது. எண்ணெய் விலை விழுந்தால் அந்த ஊர் வேலைகள் எப்படி ஆடும் என்பதை நான் உள்ளே இருந்து பார்த்ததில்லை. ரெஜைனா சின்னதாக இருக்கிறது, டொராண்டோ கட்டுப்படியாகாது என்று நினைப்பவர்களுக்கு இதுதான் நடுவழி. அடுத்த முறை எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வந்தால் டொராண்டோவை விட்டுவிட்டுக் கால்கரியைத்தான் பார்ப்போம்.

தொழில் உரிமம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ரெட் சீல் என்ற, மாகாணங்களுக்குப் பொதுவான தொழிற்சான்று வாங்கிய எலக்ட்ரீஷியன், வெல்டர் போன்றவர்களின் தகுதியை மற்ற மாகாணங்களும் ஏற்கும். நர்ஸ், ஆசிரியர் போன்றவர்கள் புது மாகாணத்தில் மறுபடி பதிவு செய்ய வேண்டும். மாகாணங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தால் பெரும்பாலும் தேர்வு எழுத வேண்டியிருக்காது, ஆனால் கட்டணமும் காத்திருப்பும் உண்டு. பதிவு கைக்கு வருமுன் இங்குள்ள வேலையை விட வேண்டாம்.

கிளம்புவதாக முடிவு செய்தவர்கள் தேதியைப் பார்த்துக் கிளம்புங்கள். டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் குடியிருக்கிறீர்களோ, அந்த வருஷம் முழுவதற்கும் அந்த மாகாண வரிதான். ஒன்ராறியோவுக்குப் போகிறவர் ஜனவரி முதல் வாரத்துக்குப் பதில் டிசம்பர் கடைசி வாரம் போனால், நடுத்தரச் சம்பளத்தில் கணிசமாக மிஞ்சும். பழைய சுகாதார அட்டையை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள், புது மாகாணம் ஏற்கும் வரை பழைய மாகாணமே சில மாதம் பொறுப்பு. ஓட்டுநர் உரிமத்தை ஒன்ராறியோவில் 60 நாளுக்குள் மாற்ற வேண்டும். பழைய வீட்டைவிடப் புது வீடு, புது வேலை இடத்துக்குக் குறைந்தது 40 கிலோமீட்டர் பக்கமாக இருந்தால் இடமாற்றச் செலவை வருமானத்தில் கழிக்கலாம். லாரி வாடகை, பழைய வீட்டை விற்ற கமிஷன், அந்த வீட்டை விற்றுவிட்டுப் போயிருந்தால் புது வீட்டின் நில மாற்று வரிகூட அதில் சேரும். ஆனால் புது ஊரில் சம்பாதிக்கும் வருமானத்தில் மட்டுமே கழிக்க முடியும், மீதி அடுத்த வருஷத்துக்குப் போகும். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு, லாரியில் ஏற்றாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.