‘கெரட்டின்’ என்றார்கள்: சுருட்டை முடிக்காரர் கவனம்

கிளிநொச்சி நகரத்தில் ஒரு பார்லருக்கு, முடியைப் படியவைக்கும் ‘கெரட்டின்’ பூச்சுக்காக 22,000 ரூபாய் கொடுத்து என் தலைமுடியைக் கெடுத்துக்கொண்டு வந்த கதை இது. அடுத்து கலியாண மாதம் வருகிறது, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே சுருட்டை முடி. பள்ளிக்கூடத்தில் ‘இடியப்பத் தலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். இரட்டைப் பின்னல் போட அம்மா எண்ணெய்ப் போத்தலோடு காலையில் அரை மணித்தியாலம் மல்லுக்கட்டுவார். வளர்ந்த பிறகும் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லித்தர யாரும் இல்லை. மச்சாளின் கலியாணம் வந்தது, புதுக்குடியிருப்பில் பஸ் ஏறிவிட்டேன்.

“நேராக்க வேண்டாம் அக்கா, சுருள் அப்படியே இருக்க வேணும், பறக்காமல் இருந்தால் போதும்” என்று போனவுடனேயே சொன்னேன்.

“ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ தங்கச்சி. இது இயற்கைப் புரதம். போமலின் இல்லையெண்டு போத்தலிலயே போட்டிருக்கு.”

கதவைச் சாத்தி ஏசி போட்டார்கள். பூசிக் காயவைத்து, 230 பாகையில் சூடான ஸ்ட்ரெயிட்னரால் பிடி பிடியாக இழுக்கத் தொடங்கியதும் வெள்ளைப் புகை கிளம்பியது. வெங்காயம் வெட்டினது போலக் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை தன் கண்ணீரைச் சட்டைத் தோளில் துடைத்தபடி “எல்லாருக்கும் இப்பிடித்தான் அக்கா” என்றாள். நான் ஒரு நாள் குடித்த புகை. அவள் நாள் முழுக்கக் குடிக்கிறாள்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் விளங்கியது. போமலின் என்பது ஃபோர்மல்டிஹைட் என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தது. கரைந்த பிறகு அது பெரும்பாலும் மெதிலீன் கிளைகோல் என்ற வடிவில்தான் இருக்கும். போத்தலில் ‘இல்லை’ என்று போட அந்தப் பெயர் மாற்றம் போதும். ஸ்ட்ரெயிட்னர் சூட்டில் அது திரும்பவும் வாயுவாக வெளியேறும். ‘ஃபோர்மல்டிஹைட் அற்றது’ என்று விற்ற ஒரு பொருளைப் பற்றி அமெரிக்க அரச நிறுவனங்கள் 2011இலேயே எச்சரித்திருக்கின்றன. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் ஃபோர்மல்டிஹைட்டை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் போட்டுவிட்டது. அது இல்லாமல் கிளையொக்சிலிக் அமிலம் போட்டு வரும் கிரீம்களும் நிம்மதியில்லை: அப்படி ஒன்றை மூன்று தடவை போட்ட ஒரு பெண்ணுக்கு மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாக 2024இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. என்னுடையதில் எது இருந்ததோ, போத்தலைக் கையில் தரவே இல்லை.

கலியாணத்துக்கு முடி பளபளவென்றுதான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நேராக, வழித்துவிட்டது போல. சுருள் போன இடம் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் நுனியெல்லாம் தும்புத்தடி.

இத்தோடு விட்டார்களா? பிறகு போட என்று ‘சல்பேட் இல்லாத’ (அதாவது நிறைய நுரைக்கிற கடுமையான கழுவுபொருள் இல்லாத) ஷாம்பு ஒன்றையும் 3,500 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்தலுக்கு அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிற தண்ணீர். அதில் மென்மையான ஷாம்பு இலேசில் நுரைக்காது. இதுவோ ஒரு சொட்டுக்கே வாளி நிறைய நுரை! சந்தேகத்தில் லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். அடியில் இன்னொரு லேபிள், அதில் ‘சோடியம் லோரில் சல்பேட்’ தண்ணீருக்கு அடுத்த இரண்டாவது பெயர்.

பில் கேட்டதற்கு, விசிட்டிங் காட்டின் பின்பக்கத்தில் புருவப் பென்சிலால் ‘22,000’ என்று எழுதித் தந்தார்கள். அதில் திகதி இல்லை, என்ன செய்தார்கள் என்றும் இல்லை. அப்போது சிரித்துவிட்டு வந்தது என் மடைத்தனம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் கையில் ஒழுங்கான பில் இருந்தால்தான் பேச்சு எடுபடும். காசு கொடுக்க முன்னமே பில் கேளுங்கள். பூச முன்னம் போத்தலை வாங்கிப் பொருள் பட்டியலைப் படம் எடுங்கள். தர மறுத்தாலோ, பூசின பிறகு கண் எரிந்தாலோ எழும்பி வந்துவிடுங்கள், தலை ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். சுருளின் வடிவம் முடி முளைக்கிற குழியிலேயே இருப்பதால் புதிதாக வருவது சுருண்டுதான் வருகிறது. ஆனால் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். தலையில் ஊறும் எண்ணெய் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு இறங்காது, சுருட்டை முடி வறளுவதற்கு அது ஒரு காரணம். அதனால் முழுக முன்னம் நுனிக்குத் தேங்காயெண்ணெய் வைக்கிறேன். முடியின் புரதம் கழுவுப்பட்டுப் போவதை அது குறைக்கிறது என்று 2003இல் ஆய்வே வந்திருக்கிறது, அம்மம்மா கேட்டால் சிரிப்பார். கொண்டிஷனர் ஊறியிருக்கும்போது மட்டும் அகலப் பல்லுச் சீப்பு. காய்ந்த தலையில் சீப்பே படாது. துவாயால் தேய்ப்பதையும் விட்டுவிட்டேன், அப்பாவின் பழைய பருத்திச் சாரத்தால் பிழிந்து ஒற்றுகிறேன். 22,000 தேவையில்லை, சாரம் சும்மா கிடைத்தது. அப்பாதான் தேடிக்கொண்டு திரிகிறார்.

இன்றைக்குக் காதுவரை சுருள், அதற்குக் கீழே வைக்கோல். ஒவ்வொரு மாதமும் வைக்கோலில் ஒரு அங்குலம் வெட்டுகிறேன். அந்த ஷாம்புப் போத்தலை எறியவில்லை. பாதி கிளம்பின லேபிளோடு, புருவப் பென்சில் காட்டையும் சேர்த்து ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.