பீடியா, ஃபில்டர் சிகரெட்டா, உதட்டுல அடக்குறதா: எது தேவலைன்னு கேக்குறவங்களுக்கு

எங்க சித்தப்பா கடலூர் முதுநகர்ல படகுக்குப் போறவரு, பீடி ஆளு. அண்ணனுக்கு பாண்டிச்சேரில வேலை, ஃபில்டர் சிகரெட் இல்லாம இருக்க மாட்டான். ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரே வாக்குவாதம்தான், "பீடில வெறும் எலையும் தூளும், உன்னுதுலதான்டா கெமிக்கல்"னு இவரு, "என்னுதுல பஞ்சு இருக்கு சித்தப்பா, வடிகட்டிடும்"னு அவன். ரெண்டுமே தப்புன்னு ரொம்ப நாளா எனக்கு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு.

பீடில புகையிலைத்தூள் கால் கிராம் கூட வராது, சிகரெட்ல முக்கால் கிராம் கிட்ட இருக்கும், அதனால பீடி லேசுன்னு தோணும். ஆனா சித்தப்பா குடிக்கிறத பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். கடக்காத்துல கைய குவிச்சு பத்தவெச்சு, கன்னம் ரெண்டும் உள்ள ஒட்டுற அளவுக்கு இழுப்பாரு, கொஞ்சம் விட்டா அணைஞ்சிடும், திரும்ப இழுக்கணும். அந்த எலை சிகரெட் பேப்பர் மாதிரி இல்ல, காத்து உள்ள வர வழி கம்மி, புகை கெட்டியா அப்படியே நெஞ்சுக்குள்ள போகுது. நிக்கோடின், தார்ங்குற பிசுபிசுப்பான கறை, கார்பன் மோனாக்சைடுங்குற விஷவாயு மூணுமே சிகரெட்ட விட பீடிலதான் அதிகம்.

அதுக்காக அண்ணன் ஜெயிச்சிட்டான்னு இல்ல. சிகரெட் புகைல 7000க்கு மேல ரசாயனம், அதுல 70 கிட்ட புற்றுநோய் வரவைக்கிறது. கார்பன் மோனாக்சைடு வாயு, அத பஞ்சு எங்க புடிக்கும்? 'லைட்'னு விக்கிறதுல ஃபில்டர சுத்தி பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், வெளிச்சத்துல காட்டுனா தெரியும், மெஷின்ல வெச்சு அளந்தா அதனாலதான் தார் கம்மியா காட்டுது. மனுசன் குடிக்கிறப்போ விரலும் உதடும் அந்த ஓட்டைய மூடிடுது, போதாததுக்கு இன்னும் ஆழமா இழுக்குறாங்க.

படகுல வர்ற சின்னப் பசங்க உதட்டுக்குள்ள புகையிலைய அடக்கிக்கிறாங்க. நுரையீரல மட்டும் பாத்தா புகை இல்லாதது தேவலைதான், அத மறுக்க மாட்டேன். ஆனா வாய்? ஒரு பையன் உதட்ட மடக்கி காட்டுனான், அடக்குற எடத்துல வெள்ளையா தடிச்சு சுருங்கிக் கெடக்கு, வலியே இல்லங்குறான். வலி இல்லன்னு விடாத தம்பி, இன்னைக்கே போய் காட்டுன்னு சொன்னேன். இ-சிகரெட் பத்தி கேக்காதீங்க, 2019லயே நம்ம நாட்டுல விக்கவே தடை, நிக்கோடின் பழக்கமும் அப்படியேதான் இருக்கும்.

இப்போ அண்ணன் "பத்துலேருந்து மூணா குறைச்சிட்டேன்"ங்குறான். நல்ல விசயம்தான், ஆனா இதயம் அந்த கணக்குல போகாது. ஒரு நாளைக்கு ஒன்னே ஒன்னு குடிச்சாலும், 20 குடிக்கிறவருக்கு கூடுற மாரடைப்பு ஆபத்துல கிட்டத்தட்ட பாதி வந்துடுது. கால் ரத்தக்குழாய் அடைச்சு விரல் கறுத்துப்போற பர்கர் நோய்ல குறைக்கிறது பத்தாது, அடியோட விட்டாதான் உண்டு. முழுசா விட்டா ஒரு வருசத்துல இதய ஆபத்து பாதியா எறங்குது.

அதனால ஒப்பிடணும்னா எப்படி விடறதுங்கறதத்தான் ஒப்பிடணும். ஒரேயடியா விடறது சிலருக்கு ஒத்துவரும், சித்தப்பாவுக்கு நாலு நாள் கூட தாங்கல, வீட்ல எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தாரு. அப்புறம் நிக்கோடின் சூயிங்கம் வாங்கிக் கொடுத்தோம், மிட்டாய் மாதிரி நறநறன்னு மென்னுட்டு விக்கல் எடுத்து, இது ஆவாதுன்னு தூக்கிப் போட்டாரு. மெல்ற விதம் வேற. மெதுவா மென்னு, சுர்ருன்னு காரம் ஏறுனதும் நிறுத்தி கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்கணும், காரம் அடங்குனா திரும்ப மெல்லணும், அரை மணி நேரம் வரும். காபி, ஜூஸ், சோடா குடிச்ச கையோட போட்டா மருந்து ஏறாது, கால் மணி நேரம் விடணும். புகையிலைய விட நெனைக்கிறவங்களுக்கு 1800-11-2356 இலவச நம்பர், பேசி வழி சொல்லுவாங்க.

மெல்ற விதம் தெரிஞ்சப்புறம் சித்தப்பா சட்டைப் பையில பீடிக்கட்டு இருந்த எடத்துல இப்போ அந்த சூயிங்கம் அட்டைதான் இருக்கு. அண்ணன் இன்னும் மூணுலயே நிக்கிறான், ஞாயித்துக்கிழமை வருவான், சித்தப்பாவையே பேச சொல்லியிருக்கேன்.